மொய் எழுதுகிறவர் போடாத கையெழுத்து

அன்றைக்குப் பள்ளத்து ஓடைப் பாலத்தின் மேல் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். மனுவை எழுதி எடுத்து வந்த ஸ்டெல்லா டீச்சர். டெய்லர் காதர் பாய். காலனியிலிருந்து மாரப்பனும் அவன் சம்சாரம் ராமாத்தாளும். தறிக் குடோனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த என் வீட்டுக்காரர். நான். ஏழாவது ஆள் அவர், எங்கள் ஊர் விசேஷங்களுக்கெல்லாம் மொய் எழுதுகிறவர். வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவர்கள் பதினெட்டுப் பேர். அவர்கள் பெயரும் எனக்குத் தெரியும். ஆனால் வராதவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்திருந்த முறை. "வந்தவங்களத்தான் எழுதோணுமுங்க. வராதவங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்பார்.

பாலத்துக்கு அடியில் தண்ணீர் கத்தரிப்பூக் கலரில் போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் மனுவைக் கைப்பிடிச் சுவரில் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்தார். கலெக்டருக்கு எழுதிய மனு. மேலே இருக்கிற சாயப்பட்டறை கழிவுத் தண்ணியைப் பள்ளத்தில் விடுவதைத் தடுக்க வேண்டும் என்று நாலு பத்தி. கீழே ‘தலைவர், பள்ளம் சீரமைப்புக் குழு' என்று போட்டு அதற்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டிருந்தது. மொய் எழுதுகிறவர்தான் தலைவர். பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மனுவை இரண்டு தரம் படித்தார். மூடியைத் திரும்பப் போட்டார்.

"அம்மணி, இதுல நான் இப்பக் கையெழுத்துப் போட முடியாதுங்க."

"ஏனுங்ணா?"

"பட்டறைக்காரரு மொய் நம்மகிட்ட இருக்குதுங்களே."

என் கிணறு அந்தப் பள்ளத்திலிருந்து முப்பது அடிகூட இருக்காது. இரண்டு கறவை மாட்டுக்கும் அந்தத் தண்ணிதான். ஒரு மாசமாகத் தண்ணி வாளியில் மொண்டால் நுரைத்தது, மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மாட்டு டாக்டர் அந்தத் தண்ணியைக் காட்டவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பால் ஊற்றித்தான் எங்கள் வீட்டில் பாதி மாசம் ஓடும். அந்த ஒரு கையெழுத்தை நம்பித்தான் நான் நாலு நாளாகத் தூங்காமல் இருந்தேன்.

மொய் எழுதுகிறவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் மகன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனசு சங்கடமாக இருக்கும். சோமனூருக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் கேட்காத தெருவே இல்லாத ஊர் எங்களுடையது. அங்கே ஒரு நூல் குடோனில் அவர் கணக்கு எழுதினார். அது சம்பளத்துக்கு. மொய் எழுதியது காசுக்கு இல்லை. கல்யாணம், காதுகுத்து, வீடு குடி போவது எதுவானாலும் பந்தல் வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, அதன் முதல் பக்கத்தில் மஞ்சள் பொட்டு, பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் ஈரத் துணி. ரூபாயை எச்சில் தொட்டு எண்ணுவது வைத்தவர்களுக்கு மரியாதை இல்லை என்று ஈரத் துணியில்தான் விரலைத் தொடுவார். ஐந்து ரூபாய் வைத்தவர் பெயரும் ஐந்நூறு வைத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். புது மொய் நீலப் பேனா. நாம் முன்னால் செய்து, திரும்பி வருகிற மொய் சிவப்புப் பேனா. யார் வீட்டுக்கு யார் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள் என்று ஊர் முழுவதும் அவர் தலையில் இருந்தது.

என் அப்பா சாகும்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறிக்கு நூல் சுற்றப் போனேன். எனக்குக் கல்யாணம் கூடியபோது அம்மாவின் கையில் ஒன்றும் இல்லை. அவர் ஒரு சாயங்காலம் பழைய நோட்டுகளைத் துண்டில் கட்டி எடுத்து வந்து, எங்கள் வாசலில் உட்கார்ந்து, என் அப்பா எந்தெந்த வீட்டில் என்ன வைத்தார் என்று வாசித்தார். நாற்பத்திரண்டு வீடு. அம்மாவுக்குப் பாதி தெரியாது. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அவரே சைக்கிளில் போய்ப் பத்திரிகை வைத்து, "அன்னாரு உங்க ஊட்டுக்கு வந்தாருங்க, இப்ப அவரு புள்ளைக்கு நீங்க வரோணுங்க" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் வந்தார்கள். இப்படிப்பட்ட மனுசரிடம் நான் எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

பள்ளத்தைச் சீர் செய்யலாம் என்று முதலில் சொன்னது அவர் இல்லை, டீச்சர். எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். நொய்யலுக்குப் போகிற பள்ளம். சீமைக் கருவேலம் அடைத்து, கோழிக்கடை இறகும் ஓட்டை டயரும் நெசவுக் கழிவும் கொட்டி, அது பள்ளம் என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு மழைக்குத் தண்ணி போக வழியில்லாமல் கீழத் தெரு வீடுகளுக்குள் இடுப்பளவு ஏறியது. அதற்குப் பிறகு டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மண்வெட்டியோடு வரச் சொன்னார். நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தவர்.

அடுத்த வாரம் அவர் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். நான் கூடப் போனேன், கீழத் தெரு எங்கள் தெரு என்பதால்.

"ஏனுங்க, உங்க ஊட்டு வளைகாப்புக்கு எங்க ஊட்டுல இருந்து பந்தி பரிமாற மூணு ஆளு வந்தமுங்க. ஞாயித்துக்கெழம ஒரு ஆள மம்பட்டியோட அனுப்புங்க."

"அது பந்திங்க. இது சாக்கடைங்க."

"ஆளு ஆளுதானுங்க. எழுதியிருக்குதுங்க பாருங்க."

"மொய்க்கு மொய் பணந்தானுங்க. கருவேல முள்ளு வெட்டறதா மொய்யி?"

"பணம் வெக்க உங்ககிட்ட இருந்தா அதையும் வெய்யுங்க. நான் வேண்டாங்கல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். அவர் கரை மேல் மேசை போட்டு, மஞ்சள் பொட்டு வைத்த புது நோட்டில், பெயர், ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, அரை நாள் என்று எழுதினார். எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆட்களுக்கு ரோசம் வந்துவிட்டது. அரை நாள் என்று பெயர் போட்டவர்கள் முழு நாள் என்று திருத்தச் சொல்லி மத்தியானமும் நின்றார்கள். அன்றைக்கே குழு என்று ஒன்று வைத்து அவரைத் தலைவராக்கினோம். ஊருக்குப் பொதுவான வேலை என்றால் வராத சனம், ஒருத்தருக்கொருத்தர் பட்ட மொய் என்றதும் வந்தது. இது வேறு எந்த ஊரில் நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

காலனிக்கும் போனார். மாரப்பன் வாசலில் நின்றபடியே கேட்டான்.

"எல்லா ஊட்டுக்கும் நோட்டத் தொறந்து காட்டறீங்களாமுங்க. எங்க மொய்ய எந்த நோட்டுல எழுதியிருக்கீங்க, காட்டுங்க பாக்கலாம்."

அவர் நோட்டைத் திறக்கவில்லை. எதில் இருக்கும்? ஊருக்குள் நடந்த கல்யாணங்களில் காலனிக்காரர்கள் பந்தல் போட்டார்கள், பாத்திரம் சுமந்தார்கள். மேசைக்கு முன்னால் வந்து மொய் வைத்ததில்லை. வைக்க விட்டதில்லை.

"இல்லீங்க மாரப்பனுங்க. எழுதல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வாரம் மாரப்பன் பேத்திக்குக் காதுகுத்து. அவர் போனார். ஐம்பத்தோரு ரூபாய் வைத்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஊருக்குள் இரண்டு பேர் அவர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாரப்பனோடு பன்னிரண்டு ஆள் வந்தது, பதினாலு வாரமும் ஒரு ஆள் குறையாமல். உண்மையைச் சொன்னால் பள்ளத்தை வெட்டியதில் பாதி அவர்கள் வெட்டியது.

கருவேல மரத்தை வெட்டலாம். வேரை எடுப்பது மண்வெட்டிக்கு ஆகிற காரியமில்லை. ஆனியில் வேலை அப்படியே நின்றது. அப்போதுதான் மேலே பட்டறை வைத்திருந்த சாயக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை. வெளியூரிலிருந்து வந்து நாலு வருசம்தான் ஆகியிருந்தது.

"நானும் இந்த ஊருத் தண்ணி குடிக்கறவன்தானுங்களே. என்ற பேரையும் எழுதிக்கோங்க" என்று ஒரு கவரை மேசையில் வைத்தார். மொய் எழுதுகிறவர் கொட்டாங்குச்சியில் விரலைத் தொட்டு எண்ணினார். பதினோராயிரத்து ஒன்று. மூன்று நாளைக்குப் பொக்லைன் வாடகை சரியாக அவ்வளவுதான். எங்களுக்கே அன்றைக்குக் காலையில்தான் வாடகை தெரியும். அது சாயக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

அன்றைக்குச் சாயங்காலம் மொய் எழுதுகிறவரிடம் கேட்டேன்.

"ஏனுங்ணா, இவரு எதுக்குங்க இத்தன பணம் தர்றாரு?"

"குடுக்கறவங்க மனசத் தோண்டப்படாது அம்மணி."

"இல்லீங்ணா, எனக்கென்னமோ..."

"உங்களுக்கு மழை பேஞ்சாலும் பயம், பேயலீன்னாலும் பயம்" என்று சிரித்தார். அது உண்மைதான். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். அதனால்தான் நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்கு மட்டும் போட்டிருக்கலாம்.

பொக்லைன் மூன்று நாளில் வேரையெல்லாம் பிடுங்கிப் போட்டது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. பள்ளத்தில் தண்ணி நின்று பார்த்து எத்தனை வருசம் ஆகியிருந்தது. கரையில் கோரை முளைத்தது. நீர்க்கோழி குஞ்சுகளோடு வந்தது. முக்குளிப்பான் என்று டீச்சர் காட்டிய சின்னப் பறவை முங்கினால் எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு பாலத்தின் மேல் ஒரு கூட்டமே நிற்கும். கெண்டை மீன் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. அவர் குடோனுக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்தி, பள்ளத்து நோட்டை எடுத்து, ‘நாரை, நாலு' என்று எழுதுவார்.

"நாரையெல்லாம் எதுக்குங்ணா எழுதறீங்க?"

"ஊட்டுக்கு விருந்தாளியா ஒறம்பரை வந்தா எழுத வேணாமுங்களா?"

என் கிணற்றில் தண்ணி ஆறு அடி ஏறியது. அந்தக் கார்த்திகையும் மார்கழியும்தான் எனக்குத் தெரிந்து நான் பயமில்லாமல் இருந்த இரண்டு மாசம்.

மாசியில் கலர் வந்தது. முதலில் லேசான ரோஸ். அப்புறம் நீலம், பச்சை, ஒரு நாள் நல்ல கறுப்பு. பள்ளத்தைப் பார்த்தாலே பட்டறையில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். நீர்க்கோழி போய்விட்டது. கெண்டை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மாரப்பன்தான் மேலே போய் நடந்து பார்த்துவிட்டு வந்து சொன்னான். முன்பெல்லாம் பட்டறைத் தண்ணி முள்ளுக் காட்டில் முட்டிக்கொண்டு சாயக்காரருடைய பட்டறைக்குப் பின்னாலேயே குளமாக நிற்கும். நாத்தத்தில் அவர் ஆட்களே வேலைக்கு நிற்கமாட்டார்களாம். இப்போது வழி சுத்தமாகிவிட்டது. இன்னும் இரண்டு தொட்டி புதிதாகக் கட்டியிருக்கிறார். வாய்க்கால் எடுத்துப் பள்ளத்தில் சேர்த்திருக்கிறார். தடங்கல் இல்லாமல் தண்ணி ஓடி வந்து எங்கள் ஊருக்கு அடியில் போகிறது.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை முதுகொடிய நாங்கள் வெட்டியது அவருக்குச் சாக்கடை.

அப்புறம்தான் பங்குனியில் அந்த மனு, அந்தப் பாலம், அந்த ஏழு பேர்.

"மொய் இருந்தா என்னங்க, திருப்பிக் குடுத்துட்டுப் போடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதத்தானுங்க நானும் சொல்றேன். திருப்பிட்டுப் போடறேன்."

"அப்ப நாளைக்கே பணம் சேத்தலாமுங்க."

"சேத்தலாமுங்க. ஆனா கையில கொண்டு போய்க் குடுத்தா அது மொகத்துல வீசறதுங்க. மொய்ய மொய்யாத்தான் திருப்போணும். அவுங்க ஊட்டுல ஒரு விசேஷம் வரோணும்."

காதர் பாய்தான் தாடியைத் தடவிக்கொண்டு, "அவரு புள்ள நாலாங்கிளாஸ் படிக்குதுங்க. வேணும்னா அவருக்கே ரெண்டாங் கல்யாணத்துக்கு நான் பொண்ணு பாக்கறனுங்க. சீக்கிரம் மொய் வெச்சரலாம்" என்றார். அவரும் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மாரப்பன் சிரிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறனுங்க. நாங்க பன்னண்டு ஆளு பதினாலு வாரம் வெட்டுனமே, அது மொய்தானுங்களே?"

"மொய்தானுங்க. எழுதியிருக்குதுங்க."

"அத ஆருங்க எங்களுக்குத் திருப்பறது? பணம் வெச்சவருக்குத் திருப்பறதுக்கு இத்தன நாயம் பேசறீங்க. எங்குளுக்கு?"

"நீங்க சொல்றது நாயமுங்க" என்றார். "அதும் கடன்தானுங்க. பெரிய கடன். ஆனா ஒருத்தர் மொய்ய மடியில வெச்சுக்கிட்டு அவுங்க மேல மனுக் குடுத்தா, நாளைக்கு இந்த ஊருல ஆரு எழுதற நோட்ட ஆருங்க நம்புவாங்க? அந்த நோட்ட நம்பித்தானே நீங்களும் வந்தீங்க?"

"நான் நோட்ட நம்பி வரலீங்க" என்றான் மாரப்பன். "நீங்க எங்க பந்தில உக்காந்தீங்கன்னு வந்தனுங்க."

அவர் பேனாவைப் பையில் சொருகினார். கையெழுத்துப் போடவில்லை.

மற்றவர்களிடம் போனால், "தலைவரு போட்டா நாங்களும் போடறமுங்க" என்றார்கள். பதினெட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். ஜூன் மாசம் டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. போகும்போது மனுவை என் கையில் கொடுத்து, "உன் பேர்லயே எழுதிக் குடேன்" என்றார். குடுத்திருக்கலாம். திங்கட்கிழமை பஸ் ஏறினால் கலெக்டர் ஆபீஸ். ஆனால் சாயக்காரரும் என் வீட்டுக்காரர் வேலை செய்கிற தறிக் குடோன் முதலாளியும் நூலில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள். என் ஒருத்தி பெயர் மட்டும் அந்தத் தாளில் இருந்தால் அடுத்த நாள் என் வீட்டுக்காரருக்கு வேலை இருக்குமா? எனக்குத் தைரியம் வரவில்லை. ஊரே போட்டால் நானும் ஊரில் ஒருத்தி. அதற்குத் தலைவர் போட வேண்டும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து அவர் பேனாவிலேயே நின்றேன்.

டீச்சர் போவதற்கு முன்னாலேயே, சித்திரை வெயிலில், மாட்டுக்குத் தண்ணி ஒரு மைல் தூரக் குழாயிலிருந்து தலையில் சுமந்தேன். மாடு ஒன்று ஒரு நாளைக்கு எத்தனை குடம் குடிக்கும் என்று சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். சினையாக இருந்த மாடு ஏழாம் மாசமே செத்த கன்றைப் போட்டுவிட்டது. அது அந்தத் தண்ணியால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் முன்னாலெல்லாம் அப்படி ஆனதில்லை. அந்த வாரத்திலிருந்து மொய் எழுதுகிறவர் தினமும் விடிந்ததும் சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் குடம் கட்டி, குழாய்த் தண்ணி கொண்டு வந்து எங்கள் தொட்டியில் ஊற்றினார். ஒரு நாளா இரண்டு நாளா, நாலு மாசம். அறுபது வயது ஆள். பெடலை மிதிக்கும்போது கணுக்கால் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும்.

"இதெல்லாம் எதுக்குங்ணா? ஊர்ல பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"இது நான் உங்களுக்குப் பட்டதுங்க அம்மணி."

"எனக்கு என்னங்ணா பட்டீங்க?"

"கையெழுத்துப் போடாததுக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடத்தையே கீழே போட்டு உடைத்திருப்பேன். தண்ணி எனக்கு வேண்டாம், பள்ளத்தைக் குடுங்கள் என்று கத்தியிருப்பேன். ஆனால் மாடு குடித்துக்கொண்டிருந்தது. நான் இன்னொரு குடத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.

ஆவணியில் தெய்வம் கண்ணைத் திறந்தது என்று நினைத்தேன். சாயக்காரர் புது வீடு கட்டிக் குடி போகிறார் என்று பத்திரிகை வந்தது. குழுவுக்கென்று தனிப் பத்திரிகை. மஞ்சள் தடவி, தலைவர் பெயர் போட்டு. பத்து நாள் இருந்தது. நானும் அவரும் காதர் பாயும் வசூலுக்குக் கிளம்பினோம். வீட்டுக்கு நூற்றியொரு ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஏனுங்ணா, நான் மத்த மாட்டுக் கன்னுக்குட்டிய வித்துத் தர்றேன். குறையறத நான் போடறேன்."

"அப்பறம் அது உங்க மொய்யாப் போயிருமுங்க. குழு வாங்குனது. குழுதான் திருப்போணும்."

"நீங்களாவது போடுங்க."

"நானும் ஒரு ஊடுதானுங்க. எனக்கும் நூத்தியொண்ணுதான்."

இருநூறு வீட்டுக்கு மேல் ஏறி இறங்கினோம். சிலர் நூற்றியொன்று, பலர் இருபத்தொன்று, சிலர் கதவைத் திறக்கவில்லை. "சாக்கடை விடறவனுக்கு மொய்யா?" என்று ஒருவர் கேட்டார். "கையெழுத்து வாங்கறதுக்குங்க" என்றேன். "கையெழுத்துக்கு இவ்வளவு விலையா? பத்திர ஆபீஸ்ல கம்மியாச்சே" என்று கதவைச் சாத்தினார். காலனியில் மாரப்பன் வீட்டில் அவர் கேட்கவே இல்லை, வாசலோடு திரும்பினார். மாரப்பனே கூப்பிட்டு நூற்றியொன்று கொடுத்தான். "இதாச்சும் எழுதுங்க" என்றான்.

கடைசியில் சேர்ந்தது ஏழாயிரத்து நானூற்று நாற்பது.

புது வீட்டு வாசலில் மேசைக்குப் பின்னால் எழுத உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். எங்கள் ஊரில் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? வரிசையில் எங்கள் முறை வந்தபோது நான் கவரை நீட்டினேன். ஈரத் துணியைத் தொட்டு எண்ணினார். சிவப்புப் பேனாவை எடுத்து, ‘பள்ளம் சீரமைப்புக் குழு' என்று, மற்றவர்கள் பெயர் இருந்த அதே அளவு எழுத்தில் எழுதினார். நான் ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த மனுவை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வரிசையில் பின்னால் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது.

"பாதிக்கு மேல திருப்பியாச்சுங்ணா" என்றேன் மெதுவாக. "பாதிக் கையெழுத்தாவது போடுங்க. இனிஷியலாச்சும் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். பேனா விரலிலேயே இருந்தது. அப்போது சாயக்காரரே எழுந்து வந்துவிட்டார். மனுவைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நோட்டை எட்டிப் பார்த்தார். கையைக் கும்பிட்டார்.

"இதெல்லாம் எதுக்குங்க சிரமப்பட்டுக்கிட்டு? மீதிய நெனச்சு விசனப்படாதீங்க. மெதுவாக் குடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. வாங்க, ரெண்டு பேரும் சாப்புட்டுட்டுத்தான் போகோணும்."

அவர் மனுவை மடித்து என் கையில் வைத்தார். "அவுங்க ஊட்டுல அடுத்த விசேஷத்துக்குப் பாக்கலாம் அம்மணி" என்றார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வழியில் பள்ளம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. விசேஷத்தன்றுகூட அந்தப் பட்டறை நிற்கவில்லை.

அடுத்த பங்குனியில் அவர் குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எடுக்கும்போது வந்த கூட்டம் எங்கள் ஊரில் யாருக்கும் வந்ததில்லை. காலனியிலிருந்து எல்லாரும் வந்தார்கள். சாயக்காரரும் வந்து மாலை போட்டார். காரியம் முடிந்து நான் அவர் மகன்களிடம் குழுவைப் பற்றிப் பேசினேன். "அப்பாவோட அந்தக் கணக்குல எங்களச் சேத்தாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டார்கள். வேறு தலைவர் போடலாம் என்று காதர் பாயும் நானும் எட்டு வீட்டில் கேட்டோம். எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். "தலைவரானா அந்த மொய்யும் நம்ம தலைலதானுங்களே?" மாரப்பனைக் கேட்டேன். அவன் தயாராக இருந்தான். "அந்த மொய்ய நான் மதிக்கல, இன்னைக்கே போடறேன்" என்றான். ஊர்க்காரர்கள் அவன் கீழே கையெழுத்துப் போடமாட்டோம் என்றார்கள்.

மாடுகளை விற்றோம். என் வீட்டுக்காரர் கிணற்றின் மேல் கருங்கல் பலகை போட்டு மூடிவிட்டார். நான் மறுபடி நூல் சுற்றப் போனேன். சில வருசம் கழித்துச் சாயக்காரர் மகள் பெரிய மனுசியாகிச் சீர் வைத்தார்கள், ஊருக்கெல்லாம் பத்திரிகை வந்தது. குழுவுக்கும் ஒன்று வந்தது. தலைவர் என்ற இடத்தில் பெயர் இல்லாமல் புள்ளி வைத்திருந்தார்கள். யாரும் போகவில்லை.

மனு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு விரல் இடம் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. பள்ளத்தில் இத்தனை வருசமாகச் சாயத்தை விட்ட மனுசருக்கு எங்கள் ஊர் இன்னும் திருப்ப வேண்டியது மூவாயிரத்து ஐந்நூற்று அறுபத்தோரு ரூபாய்.